ஹெட்போன் பஞ்சு மாற்றுவது: உப்புக்காற்று ஊர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடலை ஒட்டிய நம் ஊர்களில் ஹெட்போன் வாங்கினால் பெரும்பாலும் முதலில் கெடுவது காதைச் சுற்றி உட்காரும் பஞ்சு, அதாவது பேட்தான். ஸ்பீக்கர் நன்றாக இருக்கும், பேட்டரியும் நன்றாக இருக்கும். பேட் நைந்துபோனதால் பேஸ் (கனமான கீழ்ச்சத்தம்) போயிருக்கும், ஒரு பக்கம் சத்தம் குறைந்திருக்கும், வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஊளையிடும். "செட்டே போச்சு" என்று முடிவுகட்டி அடுத்த ஹெட்போனுக்குக் காசு சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பல மாடல்களுக்குச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

பேட் சொகுசுக்காக மட்டும் வைத்தது என்று நினைப்பதால் வரும் வினை இது. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறைக்குச் சுவர் பேட்தான். சுவரின் உயரம் மாறினாலும், அகலம் மாறினாலும், அதில் ஓட்டை விழுந்தாலும் கேட்கும் சத்தம் மாறும். ஆகவே காது வலிக்கிறது என்று பேட் மாற்றினாலும் ஒலியை யோசிக்க வேண்டும். ஒலிக்காக மாற்றினாலும் காதை யோசிக்க வேண்டும்.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தவில், உறுமி மாதிரி கனமான அடி வரும், உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். இரண்டு கப்பையும் உள்ளங்கையால் காதோடு மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் திரும்பி வந்து, கையை எடுத்ததும் போனால் குற்றம் பேட்டில் அல்லது அது தலையில் உட்காரும் விதத்தில். அழுத்தினாலும் எந்த மாற்றமும் இல்லை என்றால் பேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசியில் உள்ள "பேட்டால் வராத குறைகள்" பகுதிக்குப் போங்கள்.

பேஸ் காணாமல் போய்விட்டது, பாட்டு சப்பென்று இருக்கிறது

காற்று கசிகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு முறை ஏறி இறங்க 20 மில்லி விநாடி ஆகிறது. அந்த அவகாசத்தில் அழுத்தப்பட்ட காற்று சின்ன இடுக்கு கிடைத்தாலும் வெளியே போய்விடும். 5,000 ஹெர்ட்ஸுக்கு அந்த அவகாசம் 0.2 மில்லி விநாடிதான், தப்பிக்க நேரமில்லை. அதனால்தான் பேட் கசிந்தால் குரலும் தாளமும் அப்படியே இருக்க, கீழ்ச்சத்தம் மட்டும் காணாமல் போகிறது. இதை ஈக்வலைசரில் பேஸைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கூட்டிய பேஸும் அதே ஓட்டை வழியாகத்தான் போகும். நடுவில் ஸ்பீக்கரின் சவ்வு தேவையில்லாமல் முன்னும் பின்னும் துடிக்கும், அவ்வளவுதான்.

கசிவு எங்கே என்று பார்க்க ஒரு டார்ச் போதும். முதலில் ரெக்சினில் விரிசல் இருக்கிறதா என்று, முக்கியமாகத் தையல் ஓரத்தில் பாருங்கள். அப்புறம் பஞ்சு ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா என்று விரலால் சுற்றி அழுத்திப் பாருங்கள். தாடை எலும்புக்கு மேலே, காதுக்குக் கீழே வரும் பகுதிதான் சீக்கிரம் தட்டையாகும். தட்டையான பஞ்சு மேலே நன்றாக ஒட்டியிருக்கும், கீழே ஒரு நூல் இடைவெளி விட்டிருக்கும். பேஸை விழுங்க அந்த ஒரு நூல் போதும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. உரிகிற ரெக்சினைச் சுரண்டிச் சுரண்டி முழுவதும் எடுத்துவிட்டு, "இப்போ சுத்தமா இருக்கு, துணி மாதிரி மெத்துனு இருக்கு" என்று அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். காற்றை அடைத்து நிறுத்தியது உரிந்து போன அந்த மேல்பூச்சுதான். அடியில் மிஞ்சுவது வலைத்துணி, காற்று ஊடுருவிப் போகும். கறுப்புத் துகள் தொல்லை தீர்ந்தது, கூடவே பேஸும் தீர்ந்தது. இந்த நிலைக்கு வந்த பேட்டை மாற்றுவது தவிர வழியில்லை. அதன்மேல் பருத்தி உறை போட்டால் தோலுக்கு இதமாக இருக்கும், ஆனால் கசிவு நிற்காது.

பேட் புதிதாக இருந்தும் பேஸ் வரவில்லையா? கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் கம்பி பேட்டைத் தூக்கிப் பிடிக்கும். ஒரு முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். மென்மையான மெமரி ஃபோம் உள்ள பேட் கம்பியைச் சுற்றி அமிழ்ந்துகொள்ளும், கெட்டியான ஸ்பாஞ்சு அமிழாது. மெல்லிய உலோகக் கம்பிக் கண்ணாடி இருந்தால் பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம். முக்காடு, ஹிஜாப் போடுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான்: துணி மடிப்பு விழும் இடத்தில் காற்று போகும், அடர்த்தியான துணி ட்ரெபிளையும் (உயர் ஒலியையும்) மங்கவைக்கும். ஹெட்போனை உள்ளே போட்டுத் துணியை மேலே சுற்றிக்கொள்வது நல்லது. முடியாது என்றால் காதுக்கு மேல் மடிப்பு இல்லாமல் ஒற்றைச் சுற்றாக இழுத்துவிட்டு அதன்மேல் போடுங்கள்.

ரெக்சின் உரிகிறது, பிசுபிசுக்கிறது

காதிலும் கழுத்திலும் கறுப்புத் துகள் ஒட்டினால் ரெக்சினின் ஆயுள் முடிந்துவிட்டது. ரெக்சினின் மேலுள்ள பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் நீராற்பகுப்பு அடைகிறது: காற்றில் உள்ள நீராவி மெல்ல உள்ளே போய் அதன் இரசாயனச் சங்கிலிகளை அறுக்கிறது. வெப்பம் இருந்தால் வேகம் கூடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தே இருப்பதுதான் நம் கரை. வியர்வையும் முகத்து எண்ணெயும் மீதி வேலையைப் பார்த்துவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் உறவுக்காரர் அதே மாடலை இன்னும் நன்றாக வைத்திருக்கிறார் என்றால் அவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார், நீங்கள் பார்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமில்லை.

"பெட்டியைப் பிரிக்கவே இல்லை, எப்படி உரிஞ்சுது?" என்று கீழக்கரைப் பக்கம் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பியது, கல்யாணத்துக்கு வந்தது என்று பீரோவில் வருடக்கணக்கில் இருந்த ஹெட்போனாக இருக்கும். இந்தச் சிதைவுக்கு உபயோகிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காற்றில் ஈரம் இருந்தால் போதும். அட்டைப்பெட்டி ஈரத்தைத் தடுக்காது. அப்படி உரிந்த ஹெட்போனின் ஸ்பீக்கர் பெரும்பாலும் புத்தம் புதிதாகவே இருக்கும், பேட் மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

"புரோட்டீன் லெதர்" என்று அட்டையில் எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம், அதுவும் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சுதான். ஆட்டுத்தோல் பேட் இப்படி உரியாது, ஆனால் விலை கூடுதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் துடைக்காமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெல்வெட்டில் உரிவதற்கு ஒன்றுமில்லை, ஆனால் காற்று போகும். என்னைக் கேட்டால், மூடிய கப் உள்ள ஹெட்போனுக்கு இந்தக் கரையில் பொருத்தமானது கலவைப் பேட்: வெளிச்சுவரும் உட்சுவரும் ரெக்சின், கன்னத்தில் படும் முகப்பு மட்டும் துணி. பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் மே மாதத்தில் காதைச் சுற்றிக் குளம் கட்டாது. பின்பக்கம் திறந்த ஹெட்போனை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் கேட்பவர் யோசிக்காமல் வெல்வெட்டுக்குப் போகலாம்.

உரிந்த துகள் தோலில் ஒட்டினால் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். ஸ்பீக்கர் மேல் விழுந்த துகளைத்தான் விட்டுவைக்கக் கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேட் கழலவில்லை, அல்லது புதியது உட்காரவில்லை

கழற்றும் முன் எந்த வகை என்று பாருங்கள். தெரியாமல் இழுத்தால் உடைவது ஹெட்போன்.

பேட்டின் பின்புறம் மெல்லிய உதடு மாதிரி ரெக்சின் மடிப்பு இருந்து, அது கப்பின் ஓரத்துப் பள்ளத்தில் செருகியிருந்தால் அது உதட்டு வகை. ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், 1991இல் வந்து இன்றும் ஸ்டூடியோக்களில் ஓடும் சோனி எம்.டி.ஆர்-7506, பேயர்டைனமிக் டி.டி 770 எல்லாம் இப்படித்தான். கழற்றுவது சுலபம், ஒரு ஓரத்திலிருந்து உரித்தால் வந்துவிடும். மாட்டும்போதுதான் பொறுமை போகும். பழைய ஏ.டி.எம் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டின் ஒரு பகுதியை மட்டும் பள்ளத்தில் விட்டு, அந்த இடத்தைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு, அட்டையின் முனையால் பக்கத்துப் பகுதியை உள்ளே தள்ளி, அப்படியே ஒரு சுற்று வாருங்கள். கடைசி இரண்டு அங்குலம் இறுக்கமாக வரும், அப்போது எதிர்ப்பக்கம் கழன்றுவிடும், கோபம் வரும். பேட்டையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றினால் உதடு தானாகப் பள்ளத்துக்குள் இறங்கும். ஸ்குரூ டிரைவர், கத்தி எதுவும் வேண்டாம். ரெக்சின் கிழிந்தால் வாங்கிய அன்றே கசிவு ஆரம்பம்.

பிளாஸ்டிக் வளையத்தில் கொக்கி உள்ள வகையில் பேட்டும் வளையமும் சேர்ந்தே வரும். சோனியின் 1000எக்ஸ்.எம் வரிசையில் பேட்டுக்கும் கப்புக்கும் நடுவே அட்டையை விட்டு நெம்பினால் ஒவ்வொரு கொக்கியாக விடும். சென்ஹைசர் எச்.டி 600இல் விரலால் பிடித்து நேராக இழுத்தாலே போதும். அதில் பேட்டுக்கு அடியில் வட்டமான கறுப்பு ஃபோம் துண்டு ஒன்று தனியாக இருக்கும். குப்பை என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அது ஒலியின் ஒரு பகுதி. ஏ.கே.ஜி கே702 மாதிரி சிலவற்றில் பேட்டைத் திருகித்தான் கழற்ற வேண்டும், இழுத்தால் வராது. புதிதை மாட்டும்போது "டக்" என்ற சத்தம் எல்லாக் கொக்கியிலும் வந்ததா என்று சுற்றி அழுத்திப் பாருங்கள். ஒரு கொக்கி விழவில்லை என்றாலும் அந்த இடத்தில் கசியும், தாடையை அசைக்கும்போது கிறீச்சிடும்.

விலை குறைந்த ஹெட்போன்களில் டபுள் சைடு டேப்பில் ஒட்டியிருப்பார்கள். பிரித்த பின் நிற்கும் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் தேய்த்து இளக்கி, பிறகு சோப்பு நீர் தொட்டுப் பிழிந்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். எண்ணெய் ஸ்பீக்கர் பக்கம் போகக் கூடாது. கப்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் அவை காற்றுக்காக வேண்டுமென்றே விட்டவை, புது டேப் அவற்றை மூடாமல் ஒட்டுங்கள். மூடினால் பேஸ் வேறு மாதிரியாகிவிடும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்துப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும், ஸ்பாஞ்சைக் கட்டையாக்கும், அடுத்த முறை கழற்ற வழியில்லாமல் செய்யும்.

புது பேட் போட்டேன், பாட்டே மாறிவிட்டது

மாறத்தான் செய்யும். 8,000 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் சுமார் 4.3 சென்டிமீட்டர். பஞ்சு ஐந்து மில்லிமீட்டர் தடித்தாலே காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் அந்த அளவில் கணிசமாக மாறுகிறது. எந்த ஒலி அலையோடு அலை மோதி உயர்கிறது, எது தணிகிறது என்பது இடம் மாறிவிடும். "கண்டிப்பா சவுண்ட் நல்லாகும்" என்று விளம்பரம் போட்டு விற்கும் தடித்த பேட்டுகளை நான் பொதுவாக நம்புவதில்லை. சில ஹெட்போனுக்கு நன்றாக அமையும், சிலவற்றைக் கெடுக்கும்.

பாட்டு விலகி, தூரத்தில் மேடை போட்டு வாசிப்பது போலக் கேட்டால் பேட் பழையதைவிட உயரம். சிலருக்கு அது பிடிக்கும், பிடித்தால் அப்படியே விடுங்கள். ஆனால் குரலும் பின்னால் போய்விட்டது என்றால் உயரம் குறைந்த பேட் தேவை. நேயர்கள் குரலும் அறிவிப்பாளர் குரலும் நிறைய வரும் வானொலியில் இது சீக்கிரம் பிடிபடும். பாம்பன் பக்கம் இருப்பவர்கள் செல்போன் எஃப்.எம்மில் கடல் ஓசை 90.4 போட்டுப் பார்க்கலாம். வயர் ஹெட்போன்தான் பெரும்பாலும் போனுக்கு ஏரியலாகவும் இருப்பதால் அதைச் செருகியே ஆக வேண்டும்.

"ஸ", "ச" எல்லாம் கீச்சென்று குத்துகிறது என்றால் இரண்டு காரணம் சாத்தியம். வெல்வெட்டிலிருந்து ரெக்சினுக்கு மாறியிருப்பீர்கள். துணியின் உட்சுவர் உயர் ஒலியை உறிஞ்சும், வழவழப்பான ரெக்சின் திருப்பி அடிக்கும். அல்லது பழைய பேட்டின் வாயில் இருந்த மெல்லிய துணித்திரை புதியதில் இல்லாமல் இருக்கும். பழைய பேட்டிலிருந்து அந்தத் துணியைக் கழற்றி வைக்க முடிந்தால் வையுங்கள். இல்லை என்றால் டிஷ்யூ காகிதத்தின் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்து, ஸ்பீக்கரைத் தொடாமல் அதன் வலையின்மேல் படுக்கவைத்துப் பேட்டை மாட்டுங்கள். சிரிக்க வேண்டாம், 1978இல் வந்த யமஹா என்.எஸ்-10 ஸ்பீக்கரில் உயர் ஒலி தரும் ட்வீட்டர் மேல் ஸ்டூடியோக்காரர்களே டிஷ்யூ ஒட்டித்தான் கீச்சொலியைக் குறைத்தார்கள். அடுக்கைக் கூட்டக் கூட்ட மங்கிக்கொண்டே போகும், ஒன்றில் ஆரம்பியுங்கள். காகிதத்துக்குப் பதில் ஈக்வலைசரில் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் இரண்டு மூன்று டெசிபல் இறக்கினாலும் சரி. கசிவுக்கு உதவாத ஈக்வலைசர் இதற்கு நன்றாக உதவும்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்து குரல் நடுவிலிருந்து நகர்ந்துவிட்டால் பதறாதீர்கள். ஹெட்போனைத் திருப்பிப் போட்டு, இடது கப்பை வலது காதில் வைத்துக் கேளுங்கள். குறைவும் கப்போடு சேர்ந்து மறு காதுக்குப் போனால் அந்தப் பேட் சரியாக உட்காரவில்லை; அது சரியாக இருந்தால் பாட்டையோ போன் செட்டிங்கையோ பாருங்கள். குறைவு அதே காதில் நின்றால் காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கலாம். சாய்வான பேட்டாக இருந்தால் தடித்த பக்கம் காதுக்குப் பின்னால் வர வேண்டும். அதை முன்னால் வைத்து மாட்டிவிட்டு "கம்பெனி மோசம்" என்று திட்டுவோர் உண்டு.

நாய்ஸ் கேன்சலிங் ஊளையிடுகிறது, தம் தம் என்று அடிக்கிறது

இந்த வகை ஹெட்போன்களில் பலவற்றில் கப்பின் உள்ளேயே ஒரு மைக் இருக்கிறது. காதுக்குள் என்ன சத்தம் போகிறது என்று கேட்டு, அதற்கு எதிர் ஒலியை ஸ்பீக்கர் கொடுக்கிறது. இந்தக் கணக்கு முழுவதும் கம்பெனி பேட்டின் உள்ளளவை வைத்துப் போட்டது. உள்ளே இடம் குறைந்தாலும் கூடினாலும் கணக்கு தவறும். கசிந்தால், இல்லாத பேஸைத் தேடி மின்சுற்று திணறும். மெல்லும்போது, கொட்டாவி விடும்போது காதில் தம் தம் என்று அழுத்தம் அடிக்கும். மைக் துளை மேல் துணி மூடினாலோ, பேட் சரியாக உட்காராமல் ஒலி சுற்றிச் சுற்றி வந்தாலோ ஊளைச் சத்தம் வரும்.

இதற்கு நாட்டு வைத்தியம் கிடையாது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனுக்கு அதே மாடலுக்கென்று செய்த பேட்டையே வாங்குங்கள், தடித்தது, வெல்வெட், கூல் ஜெல் என்று எதற்கும் போகாதீர்கள். சோனி 1000எக்ஸ்.எம்4இன் இடது கப்பில் காதைக் கண்டறியும் சென்சாரும் இருக்கிறது. பொருத்தமில்லாத பேட்டின் துணி அதை மறைத்தால் பாட்டு தானாக நிற்பதும் ஓடுவதுமாக இருக்கும். பழைய பேட்டைப் போட்டுப் பாருங்கள், சரியானால் புதியதுதான் குற்றவாளி.

வெளியில் நடக்கும்போது மட்டும் "ஹூ"வென்று இரைகிறதா? அது காற்று வெளி மைக்கில் மோதுவது. காற்று எல்லை மீறினால் ரயிலையே நிறுத்தி வைக்கும் பாம்பனில் அது இரையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆப்பில் காற்றுச் சத்தம் குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள், இல்லை என்றால் அந்த நேரத்துக்கு நாய்ஸ் கேன்சலிங்கை அணைத்துவிடுங்கள்.

பேஸ் வரும்போது கிர்ரென்று அதிர்கிறது

பெரும்பாலும் தலைமுடிதான். பேட்டின் துணித்திரை கிழிந்த வழியாக ஒரு முடியோ உரிந்த ரெக்சின் துகளோ உள்ளே போய், முடியின் தடிமன்கூட இல்லாத சவ்வின்மேல் உட்கார்ந்திருக்கும். பேஸ் வந்தால் அதுவும் சேர்ந்து ஆடும். பேட்டைக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், முடி பளிச்சிடும். கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் வலையை மட்டும் தட்டுங்கள், அல்லது முனை மழுங்கிய ட்வீசரால் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். கம்ப்ரெசர் காற்றும் வாக்குவம் கிளீனரும் சவ்வை மடக்கிவிடும்.

கடற்கரையில் மணலில் வைத்த ஹெட்போனுக்கு இன்னொரு தொல்லை. கரை மணலில் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்கள் கலந்திருக்கும், ஸ்பீக்கருக்குள் இருப்பதோ காந்தம். உள்ளே இழுத்துக்கொண்டால் தட்டினாலும் விழாது. மணல் தட்டுப்பட்டால் பேட்டைக் கழற்றும் முன் செலோ டேப்பால் பேட்டையும் விளிம்பையும் ஒற்றி ஒற்றி எடுத்துவிடுங்கள். கழற்றிய பிறகு எடுக்கலாம் என்றால் அதற்குள் உதிர்ந்துவிடும்.

வியர்வை, நாற்றம், வெள்ளைத் திட்டு

வெல்வெட் பேட்டில் வெள்ளையாகப் பூத்தால் அது வியர்வை உப்பும் கடல் உப்பும். உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், அதனால் அந்தப் பேட் எப்போதும் லேசாக நசநசப்பாகவே இருக்கும். துவைத்தால் போகும், ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதுதான் விஷயம். ராமநாதபுரம் பக்கம் பல வீட்டு போர் தண்ணீரில் துவைத்தால் ஏற்கெனவே இருந்ததைவிட அதிக உப்பு ஏறும், காய்ந்ததும் வெல்வெட் விறைத்து நிற்கும். காவிரித் தண்ணீரோ வீட்டில் குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணியோ ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டைக் கழற்றி, ஷாம்பு ஒரு சொட்டு விட்டு, பிழியாமல் அமுக்கி அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஃபோம் உள்ளேயே கிழியும், மெமரி ஃபோம் ஈரத்தில் இன்னும் சீக்கிரம் கிழியும் என்பதால் அதை முக்கவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். துண்டில் வைத்து ஒற்றி, நிழலில் மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காயவிடுங்கள். நடுவில் ஈரம் இருக்கும்போதே மாட்டினால் அந்த ஈரம் ஸ்பீக்கருக்குப் போகும்.

ரெக்சினைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைத்தால் ரெக்சின் காய்ந்து விரிசல் சீக்கிரம் வரும். வெயிலில் காய வைக்காதீர்கள். ஃபோமிலிருந்தே பூஞ்சை வாடை வந்தால் துவைத்து மாளாது, மாற்றிவிடுங்கள்.

காதைச் சுற்றித் தோல் அரித்தால் பேட்டைக் குறை சொல்லலாம். காதுக்கு உள்ளே அரிப்பு, அடைப்பு, நீர் வடிதல் என்றால் பேட் மாற்றிப் பயனில்லை. ஈரமான ஊர்களில் காதுக்குள் பூஞ்சை வருவது சாதாரணம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஹெட்போனை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

காது வலிக்கிறது

எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. காது மடலின் நுனி வலித்தால் மடல் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் மூடியைத் தொடுகிறது. பஞ்சு தட்டையாகிவிட்டது, அல்லது பேட்டின் வாய் உங்கள் காதுக்குச் சிறியது. அகன்ற வாயுள்ள பேட் மாற்றினால் சரியாகும். காதின்மேல் உட்காரும் சின்ன ஹெட்போனில் மடல் நசுங்குவது அமைப்பே அப்படி. மென்மையான பஞ்சு போட்டால் கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது.

தாடையும் பொட்டும் வலித்தால் அது இறுக்கம். தடித்த பேட் போட்டால் இறுக்கம் கூடும், ஏனென்றால் தலைப்பட்டை இன்னும் விரிய வேண்டியிருக்கிறது. சொகுசுக்காகத் தடித்த பேட் வாங்கி வலியைக் கூட்டிக்கொள்வது இப்படித்தான். உலோகப் பட்டை உள்ள ஹெட்போனை உங்கள் தலை அகலத்தைவிடச் சற்றே பெரிய புத்தக அடுக்கில் மாட்டி இரவு முழுவதும் விட்டால் தளரும். பிளாஸ்டிக் பட்டையில் இதைச் செய்யாதீர்கள், முறியும்.

பேட்டால் வராத குறைகள்

வயரை ஆட்டினால் ஒரு பக்கம் வந்து வந்து போனால் வயர் அல்லது பின். செருகும்போது கரகரத்தால் உப்புக்காற்றில் 3.5 மில்லிமீட்டர் பின் பச்சை பூத்திருக்கும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். பேட்டை அழுத்தினாலும் விட்டாலும் ஒரு பக்கம் செத்தே இருந்தால் ஸ்பீக்கர் போயிருக்கலாம். ப்ளூடூத் விட்டு விட்டு வருவதற்கும் பஞ்சுக்கும் சம்பந்தமில்லை.

அளவு எடுப்பதும் வாங்குவதும்

பழைய பேட்டை அளக்காதீர்கள், அது இழுபட்டுப் பெருத்திருக்கும். கப்பில் பேட் உட்காரும் தட்டின் விளிம்பை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். நீள்வட்டம் என்றால் நீளம், அகலம் இரண்டும் வேண்டும். உதட்டு வகையில் இரண்டொரு மில்லிமீட்டர் சிறியதாக இருந்தாலும் இழுத்து மாட்டிவிடலாம், பெரியதாக இருந்தால் தொளதொளத்துக் கசியும். கொக்கி வகையில் அளவு பார்த்துப் பயனில்லை, மாடல் எண் ஒத்துப்போக வேண்டும். உங்கள் காது மடலின் நீளத்தையும் அளந்து பேட்டின் உள்வாய் அதைவிடப் பெரியதா என்று பாருங்கள், அதை விற்பவர்கள் பெரும்பாலும் கடைசி வரியில்தான் எழுதியிருப்பார்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் உயரம் வேறுபட்டு சத்தம் சாயும்.

ஆஃபரில் கிடைக்கிறது என்று மூன்று நான்கு ஜோடி ரெக்சின் பேட் வாங்கி அடுக்காதீர்கள். பீரோவில் இருந்தாலும் அதற்கு வயது ஏறும், எடுக்கும்போது உரியும். வேண்டுமானால் ஒரு ஜோடி மட்டும், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, காற்றுப் போகாத டப்பாவில், பெட்ரூமின் குளிர்ந்த பக்கமாக வையுங்கள். கார் டாஷ்போர்டிலும் பைக் பெட்டியிலும் வேண்டாம்.